சத்தமில்லாமல் இறங்குவது

டத்தோ கிராமாட், பினாங்கு
12 ஜனவரி 1992

அன்புள்ள அத்தானுக்கு,

தனம் எழுதுகிறேன். நானும், நிபோங் திபாலில் அப்பா, அம்மா, உங்கள் அம்மா எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்குச் சளி பிடித்திருப்பதாக அத்தை சொன்னார். ஜோகூரில் மழை விட்டதா? வெந்நீர் குடியுங்கள்.

தீபாவளிக்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதவேயில்லை. இப்போது எழுதுவதும் ஒரு உதவி கேட்டுத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். முதல் கூட்டத்தில் தலைமையாசிரியை புவான் சலேஹா ஒவ்வொரு விளையாட்டுக்கும் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே வந்தார். பூப்பந்து என்றதும் நாலைந்து கைகள் உயர்ந்தன. கைப்பந்து என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் எப்போதுமே தரையைத்தான் பார்ப்பேன் என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "மிஸ் தனலெட்சுமி, சரிதானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுதியும்விட்டார். எங்கள் தோட்டக் குடியிருப்பில் முதலில் பட்டம் வாங்கியவளுக்கு ஒரு பந்தைப் பிடிக்கத் தெரியவில்லையா என்று அப்பா சிரிக்கிறார்.

பிள்ளைகள் நல்லவர்கள். மைதானத்தில் ஒரு பெஞ்சில் சியூ பெங் என்றொரு பெண் உட்கார்ந்து புள்ளிக் கணக்கு பார்க்கிறாள். போன வருடம் பள்ளியிலேயே சிறந்த ஆட்டக்காரி அவள்தானாம். ஒரு ஆட்டத்தில் எகிறிப் பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது முழங்காலுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அந்தச் சத்தம் வலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இன்றைக்கும் அவளால் காலை முழுக்க மடக்க முடியவில்லை.

இந்த வருடம் சியூ பெங்கின் இடத்தில் ஞானாம்பிகை என்ற பெண் ஆடுகிறாள். நல்ல உயரம். எனக்கு ஆட்டம் தெரியாததால் பந்தைப் பார்க்காமல் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவளுடைய இரண்டு முழங்கால்களும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று இடிக்கின்றன. சியூ பெங்கிடம் கேட்டேன். "நானும் அப்படித்தான் டீச்சர் இறங்குவேன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நீங்கள் மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவில் தினமும் முழங்கால்களைத்தான் பார்க்கிறீர்கள். அடிபடுவதற்கு முன்னாலேயே செய்ய ஏதாவது பயிற்சி உண்டா? எழுதுங்கள். நான் குடியிருக்கும் யோகம்மா அக்கா வீட்டில் போன் இருக்கிறது. ஆனால் அது ஹாலின் நடுவில் இருக்கிறது, எனக்கோ போனில் பேச்சே வராது.

அன்புடன்,
தனம்

ஜோகூர் பாரு
2 பிப்ரவரி 1992

அன்புள்ள தனத்துக்கு,

சளி போய்விட்டது. வெந்நீர் குடிக்கவில்லை, தானாகப் போய்விட்டது. உன் வீட்டுக்கார அக்காவுக்கும் என் வணக்கம்.

ஆட்டம் தெரிந்தவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நீ காலைப் பார்த்தாய். நல்லதாகப் போயிற்று. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் அறுந்த பிறகு வருகிறார்கள். அறுவதற்கு முன்னால் கேட்ட முதல் ஆள் நீதான்.

பதினாலு, பதினைந்து வயதில் பெண்பிள்ளைகளுக்கு எலும்பு கிடுகிடுவென்று நீண்டுவிடும். அதைப் பிடித்து நிறுத்துகிற தசை பின்னால்தான் வரும். இடுப்பின் பக்கவாட்டிலும் தொடைக்குப் பின்னாலும் பலம் போதாமல் இருந்தால் இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயும். ஒரு நாள் சாய்ந்தால் ஒன்றும் ஆகாது. ஏதோ ஒரு நாள் தாங்காது.

மூன்று காரியம் செய். முதலாவது, தோப்புக்கரணம் போடுவதுபோல உட்கார்ந்து எழச் சொல். முழங்கால் கால்விரல்களுக்கு நேராகவே போக வேண்டும், உள்ளே வரக் கூடாது. இரண்டாவது, ஒற்றைக்காலில் நிற்கச் சொல், கண்ணைத் திறந்தும் மூடியும். மூன்றாவதுதான் முக்கியம். பெஞ்சின் மேலிருந்து குதித்து இறங்கச் சொல். முன்பாதம் முதலில் பட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், சத்தமே கேட்கக் கூடாது. தொப்பென்று சத்தம் கேட்டால் அந்த அடி முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். உனக்கு ஆட்டம் தெரிய வேண்டாம். காது இருந்தால் போதும்.

படம் போட்டிருக்கிறேன். சிரிக்காதே.

இப்படிக்கு,
நல்லமுத்து

டத்தோ கிராமாட்
20 பிப்ரவரி 1992

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். இங்கே சரியான வெயில். உங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். மன்னியுங்கள். அது மனிதரா நாற்காலியா என்று யோகம்மா அக்காவுக்கும் தெரியவில்லை.

ஆமாம், அவருக்கும் காட்ட வேண்டியதாகிவிட்டது. இந்த வீட்டு இரும்புக் கேட் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கிறீச்சென்று கேட்கும். தபால்காரர் வந்ததும் எனக்கு முன்னால் அவர் போய் நிற்கிறார். "ஜோகூர் முத்திரை! ஆர் பிள்ளை?" என்றார். அத்தை மகன் என்றேன். முகம் மலர்ந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் வாசிக்க வாசிக்க அவருடைய முகம் சுருங்கிக்கொண்டே போனது. "என்ன கடிதமப்பா இது? முழுக்க முழுக்க முழங்கால்!" என்று எழுந்து போய்விட்டார்.

பயிற்சி நன்றாக நடக்கிறது. சாலையோரம் மரநிழல் இருப்பதால் அங்கேதான் வரிசையாக நிற்கிறோம். பிள்ளைகள் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறார்கள். முதல் நாள் சித்தி ஆயிஷா என்ற மலாய்ப் பெண்ணுக்கு, அவள்தான் அணித்தலைவி, முகம் தொங்கிவிட்டது. "டீச்சர், நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, செய்யுங்கள் என்றேன். பெஞ்சிலிருந்து குதிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். சித்தி ஆயிஷா பூனைபோல இறங்குகிறாள். ஞானாம்பிகை தேங்காய்போல விழுகிறாள்.

ஒரு வினோதம் நடக்கிறது. என் வகுப்புகள் திடீரென்று அமைதியாகிவிட்டன! இரண்டாம் படிவத்துப் பிள்ளைகள் நான் உள்ளே நுழைந்ததும் கப்சிப். வராந்தாவில் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். நேற்றுத்தான் காரணம் தெரிந்தது. காதைப் பிடித்து உட்கார்ந்து எழுவது இங்கே பள்ளிகளில் தண்டனை. கெத்தோக் கெத்தாம்பி என்பார்கள். புது டீச்சர் ஒரு அணியையே தினமும் வெயிலில் தண்டிக்கிறாள் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. இந்தப் பள்ளியின் மிகக் கண்டிப்பான டீச்சர் நான்தானாம்.

மறுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் அத்தான், என்னைக் கண்டு யாரும் பயப்படுவது இதுதான் முதல் முறை. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
தனம்

ஜோகூர் பாரு
5 மார்ச் 1992

கண்டிப்பான டீச்சர் அவர்களுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய், உன்னை எதிர்க்கத்தான் ஆளில்லையே.

காதை ஏன் பிடிக்கச் சொன்னாய்? காதுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? தோப்புக்கரணம் போடுவதுபோல என்றுதானே எழுதினேன்! உன் கடிதத்தை இங்கே பணியறையில் வாசித்து விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் தலைமை அதிகாரிகூட எழுந்து காதைப் பிடித்துச் செய்து பார்த்தார். முதுகு நிமிர்ந்து நிற்கிறது, பரவாயில்லை என்றார். இருந்தாலும் கையை முன்னால் நீட்டச் சொல். அணியைப் பற்றிய பேச்சையும் சீக்கிரம் மறுத்துச் சொல். பயத்தில் செய்கிற பயிற்சி உடம்பில் தங்காது.

ஞானாம்பிகைக்கு ஒரு பழைய சைக்கிள் டியூப் தேடு. இரண்டு தொடையையும் சேர்த்து முழங்காலுக்குச் சற்று மேலே கட்டு. உட்காரும்போது டியூப் உள்ளே இழுக்கும், அவள் வெளியே தள்ள வேண்டும். இடுப்புப் பக்கத்துத் தசை அதில்தான் விழித்துக்கொள்ளும். இன்னொன்று, முழங்காலிட்டு நிற்க வேண்டும், தோழி ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படியே உடம்பை மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். தொடைக்குப் பின்பக்கம் எரியும். ஆரம்பத்தில் எல்லோரும் முகம் குப்புற விழுவார்கள். பாய் போட்டுக்கொள்.

யோகம்மா அக்காவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. முழங்காலைத் தவிர வேறு விஷயம் எழுத எனக்கும் வரவில்லையே, என்ன செய்வது.

நல்லமுத்து

டத்தோ கிராமாட்
29 மார்ச் 1992

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் நலம். தசைவலி மட்டும் எனக்கு. பிள்ளைகளிடம் சொல்லும் முன் நானே செய்து பார்க்கிறேன். முகம் குப்புற விழுந்த சத்தம் கேட்டு யோகம்மா அக்கா கதவைத் தட்டினார். தொடையில் சைக்கிள் டியூப்போடு என்னைப் பார்த்துவிட்டு, "ஜோகூரில இருந்து இதையும் அனுப்பினவரோ?" என்று கேட்டார்.

காதை விட்டுவிட்டோம் என்று எழுத ஆசை. ஆனால் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்தபோது சித்தி ஆயிஷா, "இது எங்க டீமோட ஸ்டைல் லா" என்று சொல்லிவிட்டாளாம். இப்போது ரோஷத்துக்காகவே காதைப் பிடிக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அடுத்த நாளே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். வருத்தம்தான்.

ஞானாம்பிகை மாறிக்கொண்டு வருகிறாள். கண்ணாடிக் கதவுக்கு எதிரே நின்று தன் முழங்காலைத் தானே முறைத்துப் பார்க்கிறாள். பழகின காலை மாற்றுவது கையெழுத்தை மாற்றுவது மாதிரி இருக்கிறது என்றாள். ஜூலையில் மாநிலப் பள்ளிகள் போட்டி. அங்கே நன்றாக ஆடினால் மாநில அணிக்கு எடுப்பார்கள். அவளுக்கு வேறு ஆசையே இல்லை. சியூ பெங்கும் இப்போது பெஞ்சை விட்டு இறங்கி வந்து இவளுடைய டியூப்பை இறுக்கிக் கட்டுகிறாள்.

எனக்கும் ஒரு வியாதி பிடித்துவிட்டது. ஃபெரியில் படியிறங்குகிறவர்களின் முழங்கால்களையே பார்க்கிறேன்.

போன ஞாயிறு நிபோங் திபாலில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அத்தை இட்லி வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். அம்மாவும் அருகில் இருந்தார். நான் தரையைப் பார்த்தேன். என்ன கேள்வி என்று எழுத இடமில்லை, தாள் முடிந்துவிட்டது.

தனம்

ஜோகூர் பாரு
14 ஏப்ரல் 1992

அன்புள்ள தனத்துக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நலமே. இங்கே நண்பர்களோடு பாயாசம் வைத்தோம், அடிப்பிடித்துவிட்டது.

ஞானாம்பிகையை அவசரப்படுத்தாதே. இன்னும் ஆறு வாரமாவது ஆகும். நடுவில் நிறுத்தினால் பழைய கால் திரும்பிவிடும். பாதி மாறின காலோடு போட்டிக்குப் போவது மாறாத காலோடு போவதைவிட மோசம். அதனால் எது நடந்தாலும் நிறுத்தாதே.

அம்மா என்ன கேட்டார் என்று நீ எழுதவில்லை. என்னிடம் கேட்ட அதே கேள்வியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதலாம், ஆனால் என் தாளும் சிறியது.

அடுத்த முறை பெரிய தாளாக வாங்கு.

நல்லமுத்து

டத்தோ கிராமாட்
9 மே 1992

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் நலம் அறிய ஆவல். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான்.

ஞானாம்பிகையின் அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். செவ்வாய்க்கிழமை காரில் பள்ளிச் சாலை வழியாகப் போயிருக்கிறார். போகிற வருகிறவர்கள் பார்க்க, சாலையோரம் தன் மகள் காதைப் பிடித்து, தொடையில் ரப்பர் டியூப் கட்டி, உட்கார்ந்து எழுவதைப் பார்த்துவிட்டார். காரை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார். "டீச்சர், என்ர பிள்ளை என்ன பிழை செய்தவள்? வீட்டில நாங்கள் ஒரு நாள் கை ஓங்கினதில்லை!" என்றார். எனக்கு வாய் வரவில்லை அத்தான். "இது முழங்காலுக்கு" என்று மட்டும் சொன்னேன். "முழங்காலுக்கு ஏன் காது?" என்றார்.

புவான் சலேஹாவிடம் புகார் போய்விட்டது. பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார். 23ஆம் தேதி சனிக்கிழமை காலை பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அதில் நான் எழுந்து விளக்க வேண்டும். பெற்றோர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அணி பழையபடி பந்தை மட்டும் அடித்துப் பழக வேண்டும், வேறு டீச்சர் பார்த்துக்கொள்வார். ஸ்ரீஸ்கந்தராஜா மகளை அணியைவிட்டே எடுத்துவிடுவேன் என்கிறார். ஒன்று, அவள் ஆடவே மாட்டாள். இல்லை, பாதி மாறின காலோடு ஆடுவாள். நிறுத்தாதே என்று நீங்கள் எழுதினீர்கள். நிறுத்திவிட்டார்கள்.

காதைப் பிடிக்கச் சொன்ன என் முட்டாள்தனத்தால் வந்தது இது.

கூட்டத்துக்கு நீங்கள் வர முடியுமா? நீங்கள் மருத்துவமனைக்காரர். நீங்கள் பேசினால் கேட்பார்கள். நான் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். தூரம் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

தனம்

டத்தோ கிராமாட்
24 மே 1992

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? பதில் வரவில்லை. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் யோகம்மா அக்காவும் சேர்ந்தே ஓடினோம். லீவு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

கூட்டம் நேற்று நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. என் பெயரை அழைத்ததும் எழுந்தேன். மலாயில் பேச எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வரியைத் தவிர மற்றது எல்லாம் மறந்துபோயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்றுதான் திரும்பினேன். முன்வரிசை ஓரத்தில் சியூ பெங் மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லோரும் தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருந்தால் எனக்குப் பேச்சு வரும் என்று தோன்றியிருக்கலாம். மூடினார்கள், ஸ்ரீஸ்கந்தராஜாவும் மூடினார். நான் சேலையைச் செருகிக்கொண்டு மேசைமேல் ஏறிக் குதித்தேன், பழைய மாதிரி. தொப்பென்று மண்டபமே அதிர்ந்தது. ஒரு அம்மா "அல்லாஹ்!" என்றார். மறுபடி ஏறி, நீங்கள் சொன்ன மாதிரி இறங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணை மூடிக்கொண்டே, "டீச்சர், இன்னும் குதிக்கேல்லையோ?" என்று கேட்டார். "குதித்துவிட்டேன் ஐயா" என்றேன். எல்லோரும் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வார்த்தை வந்தது. முதல் சத்தம் முழங்கால் வாங்கிய அடி, ஒரு ஆட்டத்தில் உங்கள் மகள் அதை எத்தனையோ தடவை வாங்குகிறாள், இரண்டாவது மாதிரி இறங்க வைக்கத்தான் இந்தப் பயிற்சி, தண்டனை இல்லை என்றேன். காதைப் பிடிக்கச் சொன்னது என் தவறு, பிள்ளையார் கோயில் பழக்கம் என்றும் சொன்னேன். சியூ பெங் தானாக எழுந்து நின்றாள். "போன வருஷம் இந்த டீச்சர் இருந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா பக்கத்திலிருந்த மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, "காதை விடட்டும். டியூப் இருக்கட்டும்" என்றார்.

நாளை முதல் மீண்டும் பயிற்சி. இவ்வளவு பேர் முன்னால் பேசினது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தனம்

ஜோகூர் பாரு
6 ஜூன் 1992

அன்புள்ள தனத்துக்கு,

நலம். பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம், லீவு விஷயமும் இழுத்துக்கொண்டே போனது. அதை விடு.

நீ பேசினது எனக்குப் பெருமையாக இருக்கிறது. கண்ணை மூடச் சொன்னது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இனி என் நோயாளிகளிடமும் செய்து பார்க்கப் போகிறேன்.

இருந்தாலும் ஒரு தப்பு செய்தாய், சொல்லாமல் இருக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி ஜோடியாக மேசைக்கு முன்னாலேயே வைத்துவிட்டு ஏறினாயே, இறங்குகிற இடத்தில் வைக்கலாமா? இரண்டாவது தடவை உன் குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. அதன்மேல் இறங்கியிருந்தால் கணுக்கால் பிரண்டு நீயும் சியூ பெங் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். எங்கே குதித்தாலும் முதலில் கீழே இடத்தைப் பார்.

பயிற்சியை விட்ட இடத்திலிருந்து தொடராதே, இரண்டு படி பின்னால் போய்த் தொடங்கு. ஆட்டத்தன்று காலையிலும் கொஞ்சம் செய்யச் சொல்.

நல்லமுத்து

டத்தோ கிராமாட்
13 ஜூன் 1992

அன்புள்ள அத்தானுக்கு,

என் நலம் இருக்கட்டும். உங்கள் நலத்தைத்தான் கேட்க வேண்டும். ஜோகூரிலிருந்து பட்டர்வொர்த் வரைக்கும் ரயிலில் உட்கார்ந்தே வந்தால் முதுகு வலிக்காதா?

நான் செருப்பைப் பற்றி எழுதவேயில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பிறகு பள்ளி கேட்டில் மீ கோரேங் விற்கும் சீனி முகம்மது அண்ணனிடம் போய்க் கேட்டேன். "ஆமாம்மா, அன்னிக்கு ஒரு தம்பி வந்தாரு. ஜோகூர்க்காரர்னார். பையை இங்க வெச்சுட்டு மண்டப ஜன்னல்கிட்ட போய் நின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. காரம் தாங்காம கண்ணுல தண்ணி" என்றார்.

அண்ணன் மிளகாய் அவ்வளவு போடுவதில்லை அத்தான்.

அத்தனை தூரம் வந்துவிட்டு, உள்ளே வராமல், என்னைப் பார்க்காமல், நிபோங் திபாலுக்குக்கூடப் போகாமல் திரும்பியிருக்கிறீர்கள். ஏன்?

தனம்

ஜோகூர் பாரு
28 ஜூன் 1992

அன்புள்ள தனத்துக்கு,

நலம். பிடிபட்டுவிட்டேன்.

மேடையில் உன் பக்கத்தில் நின்று பேசத்தான் வந்தேன். உன் கடிதம் கிடைத்த அன்றே லீவு எழுதிக் கொடுத்தேன், கிளம்புகிற அன்றுதான் கிடைத்தது. ரயிலில் என்ன பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டே வந்தேன். ஜன்னலருகே வந்தபோது உன் பெயரை அழைத்துவிட்டார்கள். நீ முதல் வரிக்குப் பிறகு எல்லாம் மறந்து நின்றாய். கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

நான் உள்ளே வந்திருந்தால் நீ உட்கார்ந்திருப்பாய். வாழ்நாள் முழுக்க, அன்றைக்கு அத்தான் வந்து காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டிருப்பாய். அதனால் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு நீ கண்ணை மூடச் சொன்னாய். நானும் மூடினேன், தொப்பென்ற சத்தம் கேட்டதும் பயந்து திறந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து உன்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். எனக்கு அத்தனை பேர் நடுவில் வந்து பேச வரவில்லை. இந்தக் குடும்பத்தில் நீ ஒருத்தி மட்டும்தான் தரையைப் பார்ப்பவள் என்று நினைத்தாயா?

மீ காரமாகத்தான் இருந்தது.

நல்லமுத்து

டத்தோ கிராமாட்
26 ஜூலை 1992

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். எல்லா முழங்கால்களும் நலம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இறுதி ஆட்டம் வரைக்கும் போனோம். எதிரே பாலிக் புலாவ் பிள்ளைகள். ஜாதிக்காய்த் தோட்டத்து மேடுகளில் ஏறி இறங்கி வளர்ந்த கால்கள் அவர்களுக்கு, அத்தான். நமது பிள்ளைகள் மூன்றாவது செட் வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். கடைசியில் வலைக்கு நேர் மேலே ஞானாம்பிகை எகிறினாள். அடித்துவிட்டு இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் பாதம் வலைக்குக் கீழே இந்தப் பக்கம் வந்திருந்தது. ஞானாம்பிகையின் கால் அதன்மேல்தான் பட்டது. பெஞ்சில் என் கையைச் சியூ பெங் இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

திறந்து பார்த்தேன். ஞானாம்பிகை நன்றாக மடங்கி உட்கார்ந்து, பிறகு தானாக எழுந்து நின்றாள். முழங்கால் விரலுக்கு நேராக இருந்தது. அவள் எதுவுமே நடக்காததுபோல அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டாள். மேலே இருக்கையிலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜா, "என்ர பிள்ளை நிக்கிறாள்! நிக்கிறாள்!" என்று கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. அருகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, வெறுமனே நிற்பதற்கா இந்த மனிதர் கைதட்டுகிறார் என்று பார்த்தார்கள். சியூ பெங் மட்டும் அழுதுகொண்டே சிரித்தாள்.

தோற்றுவிட்டோம். வேனுக்கு எல்லோரும் தங்கள் காலாலேயே நடந்து வந்தார்கள். ஞானாம்பிகையை மாநில அணிக்கு எடுத்திருக்கிறார்கள். அவளுடைய அப்பா மறுநாள் பழைய சைக்கிள் டியூப் ஒரு கட்டுக் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த வருடப் பிள்ளைகளுக்காம். மெல்லிய குரலில், படியிறங்கும்போது தனக்கும் முழங்கால் வலிக்கிறது, ஏதாவது பயிற்சி உண்டா என்று கேட்டார்.

இனி இந்தத் தாளைப் பற்றி. பார்த்தீர்களா, பெரிய தாள். நீங்கள் சொன்னபடி வாங்கினேன்.

நேற்று நிபோங் திபால் போயிருந்தேன். அத்தை அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். இந்த முறை நான் தரையைப் பார்க்கவில்லை. "எனக்குச் சம்மதம்தான் அத்தை. ஆனால் அதை அவரே வந்து கேட்கட்டும்" என்றேன். அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். அப்பாவின் கையிலிருந்த காப்பி சிந்திவிட்டது.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. வாருங்கள். இந்த முறை ஜன்னல் பக்கம் நிற்க வேண்டாம். நேராக யோகம்மா அக்கா வீட்டு வாசலுக்கு வாருங்கள். போன வாரம் கேட்டுக்கு எண்ணெய் போட அவர் ஆளைக் கூப்பிட்டிருந்தார். வேண்டாம், செப்டம்பரில் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தனம்